தீப்பெட்டித் தொட்டில்

அந்த நட்சத்திரத்தை மேல் தட்டுல வைக்காதம்மா, பஸ்ஸுல எவனாவது பெட்டியத் தூக்கி மேல போட்டான்னா நசுங்கிரும். மடியிலேயே வச்சுக்கோ. நான் கொஞ்சம் ஒதுங்கி உக்காந்துக்கிடுதேன். கோவில்பட்டியா? நான் பாளையங்கோட்டை. ஜன்னலைப் பாதி சாத்திக்கிடுவோமா, எனக்குக் காத்து காதுல அடிச்சா ஆகாது.

கடையில வாங்கினதா? ம்ம். பிளாஸ்டிக்கு. உள்ள பல்பு வேற. நல்லாத்தான் இருக்கு, நல்லா இல்லைன்னு நான் சொல்லல. ஆனா ஒரு நட்சத்திரத்தைப் போயி கடையில வாங்குததா? செய்யத் தெரியாதா? இந்தத் ‘தெரியாது’ங்கிற வார்த்தையக் கேட்டுக் கேட்டுத்தான் என் காலமே போச்சு. நான் கைவேலை டீச்சர். கெப்சிபா டீச்சர்னு எங்க சபையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாவ. பள்ளிக்கூடத்தில முப்பத்தோரு வருசம் தையலும் கைவேலையும். அது போக கோயில்ல, டிசம்பர் பொறந்தா சனிக்கிழமை தோறும் கிறிஸ்மஸ் அலங்கார வகுப்பு. இருபத்திரெண்டு வருசம் நான் ஒருத்திதான் எடுத்தேன். ஒண்ணுமே தெரியாதவங்க வரலாம், காசு செலவழிக்க வேண்டாம், வீட்டுல கிடக்கத வச்சே செய்யலாம். அப்படித்தான் அறிவிப்பு வாசிப்பாவ.

பெரிய வித்தை ஒண்ணும் இல்லம்மா. முட்டைய உடைக்காம மேலயும் கீழயும் ஊசியால ஓட்டை போட்டு ஊதினா உள்ள இருக்கது வந்திரும். ஓட்டைக் கழுவிக் காயவச்சு, சாக்லேட் சுத்தின தாளை மேல ஒட்டி நூல் கோத்துத் தொங்கவிடு. ஜோடி போன கண்ணாடி வளையல் இருக்கும்லா, அதுல கம்பளி நூலைச் சுத்து. தீப்பெட்டிய எடு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைய வெட்டி மேல ஒட்டு, பட்டு நூலால குறுக்கயும் நெடுக்கயும் கட்டு, பரிசுப் பெட்டி. சவுக்குக் கிளையில இதையெல்லாம் மாட்டினா, கடையில வாங்கினவன் வந்து நின்னு பாப்பான். எல்லாம் நானா யோசிச்சு யோசிச்சு உண்டாக்கினது.

அதை ஒருத்தி தூக்கிட்டுப் போயி தன்னோடதுன்னு நடத்துதா. யாருங்கியா? என் மருமக. அவ வீட்டுக்குப் போயிட்டுத்தான் வாரேன் இப்ப. மதுரையில இருக்காவ. சண்டை போடணும்னுதான் போனேன், உன்கிட்ட மறைப்பானேன்.

எனக்கு ஒரே மகன். ஆமோஸ். அவங்க அப்பா போயி ஒன்பது வருசம் ஆகுது. நானா படிக்க வச்சு ஆளாக்கினேன். அவன் வேலை பாத்த இடத்தில ஒரு பிள்ளையப் பிடிச்சுப் போச்சுன்னு வந்து நின்னான். சங்கரன்கோவில் பக்கம். பேரு முத்துமாரி. நான் குதிக்கல, கூப்பாடு போடல. ஞானஸ்நானம் எடுக்கட்டும், கட்டி வைக்கேன்னேன். எடுத்தா. மெர்சின்னு பேரு நான்தான் வச்சேன். அவன் இன்னைக்கும் மாரின்னுதான் கூப்பிடுதான், அது வேற விசயம்.

வந்த முதல் டிசம்பர்ல அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கத்திரியப் பிடிக்கத் தெரியாது. மரத்தில எதை மேல மாட்டணும், எதைக் கீழ மாட்டணும்னு தெரியாது. ‘எங்க ஊர்ல கோலம்தான் அத்தை போடுவோம்’னு சிரிப்பா. நான் பக்கத்தில உக்கார வச்சு ஒண்ணொண்ணா சொல்லிக் கொடுத்தேன். அவ செய்வா. கோணலா இருக்கும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவ அடுப்படிக்குப் போன பெறகு எடுத்துப் பிரிச்சு, திரும்ப ஒழுங்கா ஒட்டி மாட்டிருவேன். வாரவங்க போறவங்க பாக்குத வீடுல்லா. ஒரு நாள் கேட்டா, ‘அத்தை, நான் செஞ்சது எதுவுமே மரத்தில இல்லையே’ன்னு. ‘எல்லாம் உன்னதுதான், நான் கொஞ்சம் சரி பண்ணினேன்’னேன். இதுல தப்பு இருக்கா? இருந்தாச் சொல்லு.

அடுத்த வருசம் ஐயரம்மா, எங்க குருவானவர் வீட்டம்மா, புதுசா வந்தவங்க, என்னைக் கூப்பிட்டுச் சொல்லுதாவ, ‘டீச்சர், சின்னப் பிள்ளைகளை மெர்சி பாத்துக்கிடட்டும், நீங்க பெரியவங்களைப் பாருங்க’. ஏன்னேன். ‘பிள்ளைக உங்களுக்குப் பயப்படுது’ன்னாவ. பயம் இல்லாம ஒரு வித்தை வருமாம்மா? சரின்னுட்டேன். கோயில் பின்னால ஹால்ல நான் இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம். அங்க ஒரே சிரிப்பு. பசையப் பூசிக்கிட்டு, மூக்குல ஜிகினா ஒட்டிக்கிட்டு, அதுதான் வகுப்பா? மூணாவது சனிக்கிழமை என் பக்கம் நாலு பேரு. மத்த பொம்பளைக எல்லாம் பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்த மாதிரி வந்து அந்தப் பக்கமே உக்காந்துக்கிட்டாவ. நான் ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்கு வந்தும் பேசல. ஒரு பத்து நாள் பேசல.

அதுக்கு அடுத்த வருசம்தான் எல்லாம் நடந்தது.

உண்டாகியிருந்தா. எனக்கும் சந்தோசம்தான், இல்லாம என்ன. அவ மாமாவோட, எங்க வீட்டுக்காரரோட, பழைய வேட்டி ஒண்ணு இருந்துச்சு, துவைச்சுத் துவைச்சுப் பஞ்சு மாதிரி ஆயிருக்கும். அதை வெட்டி ஆகஸ்டு மாசமே சின்னச் சட்டை நாலு தைச்சேன். கழுத்தில பச்சை நூல்ல ஒரு இலை. அவ தினமும் எடுத்து எடுத்துப் பாப்பா. அக்டோபர்ல, அஞ்சு மாசம் முடிஞ்ச சமயம், ஒரு நாள் காலையில வலின்னா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிள்ளை தங்கல. பொம்பளைப் பிள்ளைன்னு சொன்னாவ.

கஷ்டம்தான். நான் இல்லேங்கல. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையெல்லாம் எடுத்து என் பெட்டியில போட்டுப் பூட்டினேன். கண்ணுல பட்டா திரும்பத் திரும்ப வருத்தம். அவ ஒரு மாசம் சுவரைப் பாத்தே உக்காந்திருந்தா. ஆமோஸ் லீவு போட்டுட்டு அவ பக்கத்திலேயே உக்காந்திருந்தான். எனக்கு ஆமோசுக்கு முந்தி ரெண்டு போச்சும்மா. ஒண்ணு நாலு மாசம், ஒண்ணு ஏழு மாசம். யாரு என் பக்கத்தில உக்காந்தா? நாலாம் நாள் சேலையக் கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைகளுக்குக் குறுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தேன். ஒருத்தரும் கேக்கல. நானும் சொல்லல. இப்ப உன்கிட்டதான் சொல்லுதேன், ஏன் சொல்லுதேன்னு தெரியல.

டிசம்பர் வந்துச்சு. ஒரு நாள் பாத்தா, தரையில உக்காந்து தீப்பெட்டிய வெட்டிக்கிட்டு இருக்கா. பரவாயில்ல, மனசு மாறிட்டான்னு நானும் பக்கத்தில போகாம விட்டுட்டேன். சாயங்காலம் மரத்தில ஒரு தொட்டில் தொங்குது. தீப்பெட்டியோட உள்தட்டு மட்டும். வெளிய தங்கக்கலர் அட்டை, உள்ள பஞ்சு, பஞ்சு மேல துணி. ரெண்டு பக்கமும் நூல். என்ன இருந்தாலும் என்கிட்டப் படிச்சவ, கை படிஞ்சிருந்துச்சு, அதைச் சொல்லணும். கிட்டப் போயிப் பாத்தேன். துணியில பச்சை நூல்ல ஒரு இலை. சாவிய எடுத்து என் பெட்டியத் திறந்திருக்கா! கேக்காம! சட்டைய வெட்டியிருக்கா! இருந்தாலும் வாயைத் திறக்கல, பாத்துக்கோ. அந்த அளவு பொறுத்தேன்.

ஆனா தொட்டில் வெறுமனே இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல. கிறிஸ்மஸ் வீட்டுல வெறுந்தொட்டில் தொங்கினா நல்லாவா இருக்கும்? மறுநாள் எங்க வீட்டுல பெண்கள் ஐக்கிய ஜெபம். பத்துப் பன்னெண்டு பேரு வருவாவ, ஆளுக்கு ஒண்ணு கேப்பாவ. நான் கடைக்குப் போனேன். ஒரு பொம்மை வாங்கினேன், பெருவிரல் அளவு, கையக் கால ஆட்டுத மாதிரி, அவ்வளவு அழகு. அவ குளிக்கப் போன சமயம் தொட்டில்ல படுக்க வச்சேன். துணிய இழுத்துப் போர்த்தினேன். பாலகன் இயேசு. அப்படியே பொருந்திப் போச்சு, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. எனக்கே கண்ணு கலங்கிட்டு.

நாலு மணிக்கு எல்லாரும் வந்தாச்சு. ஐயரம்மா ஜெபம் பண்ணினாவ. ரூபின்னு ஒருத்தி, அவதான் முதல்ல பாத்தா. ‘ஏ டீச்சர், தொட்டில் எவ்வளவு அழகா இருக்கு! யாரு செஞ்சா?’ன்னா. நான் விட்டுக்கொடுக்கல. ‘நானும் மெர்சியும் சேந்து செஞ்சோம்’னேன். அந்த நேரம் பாத்து அவ தட்டுல டீயும் முந்திரிக்கொத்தும் எடுத்துட்டு வாரா. தொட்டிலைப் பாத்தா. தட்டைக் கீழ வச்சா. நேரா மரத்துக்கிட்டப் போயி, ரெண்டு விரலால அந்தப் பொம்மைய எடுத்தா. எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, ‘யாரு வச்சது?’ன்னா.

‘நான்தான் வச்சேன். வெறும் தொட்டிலா இருந்துச்சேம்மா. பாலகன் இருக்கட்டுமே.’

‘இது பாலகனுக்குச் செஞ்சதில்ல அத்தை. இது அவளுக்கு.’

‘எவளுக்கு?’ன்னேன். சத்தியமா எனக்கு அந்த நேரம் விளங்கல. விளங்காமத்தான் கேட்டேன்.

எல்லாரும் என்னையே பாக்காவ. ரூபி தலையக் குனிஞ்சுக்கிட்டா. அப்பதான் எனக்கு விளங்குச்சு. விளங்கினதும் கோவம் வந்துட்டு. பன்னெண்டு பேரு முன்னால, என் வீட்டுல, நான் ஏதோ பாவம் செஞ்ச மாதிரி நிக்க வச்சுட்டாளே. சொன்னேன். ‘பொறக்காத பிள்ளைக்கு எதுக்கு மெர்சி தொட்டில்?’

ஐயரம்மா என் கையப் பிடிச்சாவ. நான் உதறிட்டேன். நான் என்ன பொய்யா சொன்னேன்? பொறக்கல, அதுதான உண்மை? எனக்கு ரெண்டு போச்சு, நான் எந்த மரத்தில தொட்டில் கட்டினேன்?

அவ அழல. அழுதிருந்தாக்கூட நான் பிடிச்சு உக்கார வச்சிருப்பேன். என் கைய எடுத்தா. அந்தப் பொம்மைய உள்ளங்கையில வச்சா. என் விரலை ஒண்ணொண்ணா மடக்கி மூடினா. ‘ஆமா அத்தை’ன்னா. தொட்டிலைக் கழத்திக்கிட்டு உள்ள போனா. போயிட்டுத் திரும்ப வந்து எல்லாருக்கும் டீ கொடுத்தா. ஒருத்தர் விடாம. எனக்கும் கொடுத்தா.

இருபத்தஞ்சாம் தேதி கோயிலுக்கு ஒண்ணாத்தான் போனோம். இருபத்தேழாம் தேதி ரெண்டு பேரும் பெட்டியக் கட்டிட்டாவ. மதுரைக்கு மாத்தல் வாங்கிட்டேன்னான் ஆமோஸ். ‘எப்படா வாங்கின?’ன்னேன், கேட்டு வச்சிருந்தேன்னான். ஐயரம்மா வந்து, ‘டீச்சர், ஒரே ஒரு வார்த்தை அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிருங்க’ன்னாவ. ‘என்ன வார்த்தை?’ன்னேன். ‘உங்களுக்குத் தெரியும்’னாவ. எனக்குத் தெரியல. பெட்டியத் திறந்து சட்டைய வெட்டினது அவ. பன்னெண்டு பேரு முன்னால மானத்தை வாங்கினது அவ. வார்த்தை நான் சொல்லணுமா?

ரெண்டு வருசம் ஆச்சு. இந்த ஏப்ரல்ல பிள்ளை பொறந்துச்சு. பொம்பளைப் பிள்ளை. ஆமோஸ் போன்ல சொன்னான். ஞானஸ்நானத்துக்கும் போன்லதான் கூப்பிட்டான். பெத்த தாயை நேர்ல வந்து கூப்பிட வேண்டாமா? நான் போகல.

போன வாரம் கோயில்ல ஐயரம்மா போனை நீட்டி, ‘பாருங்க டீச்சர், உங்க மருமகளை’ன்னாவ. வீடியோ. ‘வீட்டிலேயே எளிய கிறிஸ்மஸ் அலங்காரம், முதல் முறை செய்கிறவர்களுக்கு’. அவ பேசுதா. முட்டை ஓடு, வளையல், தீப்பெட்டி, பத்திரிகை அட்டை. எல்லாம் என்னது! ஒண்ணு விடாம என்னது! ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுல வகுப்பு நடத்துதாளாம். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. இருபத்திரெண்டு வருசம் நான் உண்டாக்கினதை அவ பேர்ல நடத்துதா. இன்னைக்குச் சனிக்கிழமை. காலையில பஸ் ஏறிட்டேன். என்ன கேக்கணும்னு விருதுநகர் வரைக்கும் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இறங்கின பெறகுதான் கையில ஒண்ணும் இல்லைன்னு ஞாபகம் வந்துச்சு. ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கினேன். எட்டு மாசப் பிள்ளை பிஸ்கட் தின்னுமான்னு அப்ப தோணல.

வீடு மாடியில. கதவு திறந்து கிடக்கு. முன்கூடத்துத் தரையில பத்துப் பேரு. பொம்பளைகளும் பிள்ளைகளும். நடுவுல அவ. என்னைப் பாத்ததும் எந்திரிச்சா. முகம் ஒரு நிமிசம் வெளுத்துச்சு. பெறகு, ‘வாங்க அத்தை. உக்காருங்க’ன்னு நாற்காலியத் துடைச்சுப் போட்டா. தண்ணி கொண்டு வந்தா. ஆமோஸ் உள்ளேயிருந்து பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான், ‘என்னம்மா, சொல்லாமக் கொள்ளாம’ன்னான்.

நான் உக்காரல. நின்னுக்கிட்டே கேட்டேன். எல்லாருக்கும் கேக்கட்டும்னுதான் சத்தமாக் கேட்டேன். ‘மெர்சி, இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தான்னு இவங்ககிட்டச் சொன்னியா?’

அவ வாயத் திறக்கதுக்குள்ள, தரையில இருந்த ஒரு பொம்பளை, என் வயசு இருக்கும், மூக்குக்கண்ணாடியத் தூக்கிவிட்டுக்கிட்டு என்னைப் பாத்து, ‘நீங்கதானா அந்த டீச்சரு அத்தை? மொத நாளே சொன்னாங்களே. எங்க அத்தை கெப்சிபா டீச்சர்தான் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க, அவங்க கை மாதிரி யாருக்கும் வராதுன்னு. ஒவ்வொரு வாரமும் சொல்லுவாங்களே’ங்கா. இன்னொருத்தி கும்பிடுதா.

மதுரை வரைக்கும் சுமந்துட்டுப் போன சண்டைம்மா. அதைப் போடதுக்கு இடமே இல்லாமப் பண்ணிட்டாளே. இதுல என்ன சந்தோசம் எனக்கு? அவ நல்லவளாயிட்டா, நான் வந்து கத்தினவளாயிட்டேன். உக்காந்தேன்.

உக்காந்து பாத்தேன், என்ன சொல்லிக் கொடுக்கான்னு. தீப்பெட்டியில பரிசுப் பெட்டி செய்யுதாவ, சின்ன அலமாரி செய்யுதாவ, மேளம் செய்யுதாவ. தொட்டில் இல்ல. நான் நல்லாத் தேடிப் பாத்தேன், மரத்திலயும் இல்ல. அட்டையில நட்சத்திரம் வெட்டுதாவ. எல்லாம் கோணல். எல்லாத்தையும் ‘நல்லாருக்கு, நல்லாருக்கு’ங்கா. எது நல்லாருக்கு? எனக்குக் கை பரபரங்குது. ஒரு அட்டையும் கத்திரியும் எடுத்தேன். சுவர்ப் பக்கமாத் திரும்பி உக்காந்து வெட்டினேன், எனக்கு அப்படித்தான் பழக்கம். முனையிலேர்ந்து நடுவுக்கு ஒரு கோடு, பள்ளத்திலேர்ந்து நடுவுக்கு ஒரு கோடு, மை தீந்த பேனாவால அழுத்தி இழுத்து, ஒண்ணை மேல மடிச்சு, ஒண்ணைக் கீழ மடிச்சு, ரெண்டு பாதியயும் முதுகோட முதுகு ஒட்டி, கொஞ்ச நேரத்தில முடிச்சிட்டேன். முனை ஒவ்வொண்ணும் ஊசி. கீழ வச்சேன்.

பக்கத்தில ஒரு பொடிசு, தர்ஷினின்னு பேரு, ஆறு வயசு. என் நட்சத்திரத்தைப் பாத்துச்சு. அது கையில இருந்ததைப் பாத்துச்சு. திரும்ப என்னதைப் பாத்துச்சு. அது செஞ்சதை ரெண்டு கையாலயும் போட்டுக் கசக்கிச்சு. கசக்கிட்டு அழவும் இல்ல, சும்மா தரையப் பாத்துக்கிட்டு இருக்கு.

நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஒரு வார்த்தை சொல்லல. செஞ்சு வச்சேன், அவ்வளவுதான்.

மெர்சி வந்தா. என் நட்சத்திரத்தைத் தாண்டித்தான் வந்தா. அந்தப் பிள்ளை பக்கத்தில சம்மணம் போட்டு உக்காந்து, கசங்கினதை எடுத்து மெதுவாப் பிரிச்சு, ஜன்னல் வெளிச்சத்தில காட்டி, ‘இங்க பாரு தர்ஷினி, கசக்கினதுல எத்தனை இடத்தில மின்னுது பாரு’ன்னா. தங்கக்கலர் அட்டைல்லா, மின்னத்தான் செய்யும். அது சிரிச்சுது. அதைப் பாத்து இன்னொரு பிள்ளை தன்னோடதைக் கசக்குது. அதைப் பாத்து அந்த மூக்குக்கண்ணாடிப் பொம்பளையும் கசக்குதா! அத்தனை பேரும் அட்டையக் கசக்கிப் பிரிச்சு வெளிச்சத்தில காட்டிச் சிரிக்காவ. நான் முப்பது வருசமா ஒரு சுருக்கம் விழாம மடிக்கச் சொல்லிக் கொடுத்தவ. உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். மெர்சி என்னதை எடுத்து ஜன்னல் கம்பியில தொங்கவிட்டா. மரியாதையாத்தான் விட்டா. ஒருத்தரும் அதைத் திரும்பிப் பாக்கல.

எல்லாரும் போன பெறகு சோறு போட்டா. ‘அத்தைகிட்டப் பிள்ளையக் கொடுங்க’ன்னு அவதான் ஆமோஸ்கிட்டச் சொன்னா. வாங்கினேன். லிடியான்னு பேரு. புதுசா ஒரு ஆளுகிட்டப் போறோம்னு அழும்னு நினைச்சேன், அழல. என் கண்ணாடியப் பிடிச்சு இழுத்துச்சு. கழுத்தில மூக்கை வச்சு உரசிச்சு. அதுக்கு என்ன தெரியும், பச்சைப் பிள்ளை. அதுக்கு ஒண்ணும் தெரியாது.

ஆமோஸ்தான் பஸ் ஏத்திவிட வந்தான். சீட்டுப் பிடிச்சுக் கொடுத்துட்டு ஜன்னல் பக்கத்தில நின்னுக்கிட்டு, ‘அம்மா, அடுத்த தடவ வாரதா இருந்தா ஒரு போன் போட்டுட்டு வாங்க’ன்னான். மெதுவாத்தான் சொன்னான். பெத்த மகன் வீட்டுக்குப் போன் போட்டுட்டுப் போகணுமாம். கேட்டியா கதைய.

அதுகூட இல்லம்மா. இப்ப என்னைப் போட்டு அரிக்கது வேற ஒண்ணு.

அவ சொல்லிக் கொடுக்குத நட்சத்திரத்தில ஒரு குறை இருக்கு. ரெண்டு பாதியில ஒண்ணை வெட்டும்போது, ஓரத்தில அரை விரல் அகலம் கூட விட்டு வெட்டணும். அந்த ஓரத்தை உள்ள மடிச்சு, அதுலதான் பசை தடவணும். அவ ஓரம் விடாம வெட்டுதா. விளிம்பும் விளிம்பும் ஒட்டுதா. பாக்க ஒட்டின மாதிரிதான் இருக்கும், நாலு நாள் நிக்கும், காஞ்சதும் வாயைப் பிளந்துரும். அவளுக்கு அது தெரியாது. ஏன்னா நான் சொல்லல. அவளுக்குன்னு இல்ல, யாருக்குமே சொன்னதில்ல. வகுப்புக்கு முந்தின நாளே நட்சத்திர அட்டை எல்லாத்தையும் நானே வெட்டி, மடிச்சுக் கொண்டு போயிருவேன். அவங்கவங்க வீட்டுல போயிச் செஞ்சா நிக்காது. வந்து கேப்பாவ. ‘கை பழகணும்’பேன். அவளும் முதல் வருசம் கேட்டா, ‘எனக்கு மட்டும் ஏன் அத்தை பிரிஞ்சு பிரிஞ்சு போகுது?’ன்னு. அதைத்தான் சொன்னேன், கை பழகணும்னு.

இன்னைக்குப் புறப்படும்போது வாசல்ல செருப்பு மாட்டுதேன். அவ பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டுப் பக்கத்தில நின்னா. வாய் வரைக்கும் வந்துச்சு. ‘ஓரம் விட்டு வெட்டு மெர்சி.’ அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. நான் எதோ சொல்ல வாரேன்னு அவளுக்கும் தெரிஞ்சுது. போகாம நிக்கா. என் முகத்தையே பாக்கா. பிள்ளைய அந்த இடுப்புக்கு மாத்திக்கிட்டு, திரும்பவும் நிக்கா.

‘வாரேன்’னேன்.

‘சரி அத்தை’ன்னா.

அடுத்த வாரம் ஒண்ணொண்ணாப் பிரியும், பாத்துக்கோ. அந்தப் பத்துப் பேரும் நமக்கு இன்னும் கை பழகலைன்னு நினைச்சுக்கிடுவாவ.